வலியைத் தாங்குவதா, தணிப்பதா?

இப்பகுதியில் நாம் இதுவரை ரேஷன் அட்டையை ஊர் மாற்றிக்கொள்வது, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்துக் கற்பிப்பது, பண்டிகைக்கு ஊர் செல்ல இரயிலில் இடம் பதிவு செய்வது முதலிய விஷயங்களையே எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்றுப் புதியது. தாடி உரோமத்தை லேசர் ஒளியால் நீக்கிக்கொள்ளும் சிகிச்சையையும், அதில் உண்டாகும் வலியைச் சமாளிக்கும் வகைகளையும் பற்றி எழுதத் துணிந்தோம். சங்கப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். முழுதும் படித்தபின் அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

நம் தமக்கையார் குடும்பமும் நாமும் நாகபுரியில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கிறோம். தமக்கையாரின் மூத்த குழந்தை பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டது. இன்று இருபத்திரண்டு வயதில் அக்குழந்தை ஒரு பெண். திருநங்கை என்னும் சொல்லை நாம் பத்திரிகைகளில் படித்திருந்தோமேயன்றி, நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து காபி அருந்தும் ஒருத்திக்கு உரிய சொல்லாக நினைத்துப் பார்த்ததில்லை. ஏற்றுக்கொள்ளத் தமக்கையாருக்குச் சில மாதங்கள் பிடித்தன. நமக்கு ஓராண்டு பிடித்தது. அவள் தந்தையாருக்கோ அதனினும் அதிகம்.

மே மாதத்து நாகபுரி வெயிலைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் துப்பட்டாவால் முகத்தை முழுதும் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்டுவார்கள். அன்று அவள் வீட்டுக்குள் வந்தும் அதை அவிழ்க்கவில்லை. தமக்கையார் ஐயுற்று விலக்கிப் பார்த்தபோது, தாடை நெடுகக் கொப்புளங்கள். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, எவரிடமும் சொல்லாமல், ஓர் அழகு நிலையத்தில் லேசர் சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தாள். அவள் தோலின் நிறத்தை அங்கே எவரும் கருதவில்லை; சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கவும் இல்லை. எரிகிறது என்று ஒருமுறை சொன்னாளாம். அப்படித்தான் இருக்கும் என்றார்களாம்.

"நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்று கேட்டோம்.

"நானாக விரும்பிக் கேட்டதுதானே, மாமா? வலிக்கிறது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?" என்றாள்.

இவ்வொரு வார்த்தைதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. விரும்பி ஏற்ற காரியத்தில் வலி வந்தால் வாய் திறக்கக் கூடாது என்ற எண்ணம் அவளுக்கு மட்டும் உரியதன்று. பிறகு அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று காத்திருந்த வேளையில் இதைக் கண்டோம். சினைப்பைக் கோளாற்றினால் மோவாயில் உரோமம் வளர்ந்த பெண்கள் இருந்தார்கள். சவரம் செய்யுந்தோறும் உரோமம் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகும் இளைஞர்களும் இருந்தார்கள். எல்லோரும் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

நிற்க. மருத்துவர் விளக்கியதைக் கூடியவரை எளிய தமிழில் தருகிறோம்.

உரோமத்திற்குக் கருநிறம் தருவது மெலனின் என்னும் பொருள். லேசர் ஒளியை அம்மெலனின் உறிஞ்சிக்கொண்டு வெப்பமாக மாற்றுகிறது. அவ்வெப்பம் மயிர்க்காலைச் சேதப்படுத்துவதால் உரோமம் மீண்டும் வளர்வது குறைகிறது. சுற்றியுள்ள தோலைக் காத்து, குறித்த பொருளை மட்டும் ஒளியால் சுடலாம் என்னும் இத்தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். ஆனால் நம்மவர் தோலிலும் மெலனின் மிகுதி. ஆகவே உரோமத்திற்கென விடும் ஒளியில் ஒரு பங்கைத் தோலும் உறிஞ்சிக்கொள்கிறது. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்டிரைட் லேசரைவிட, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி.யாக் லேசர் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது. அதன் ஒளியைத் தோல் மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஒளியும் ஆழமாக இறங்கும். வலி சற்று அதிகமிருக்கலாம். கொப்புளத்திற்கு அது எவ்வளவோ மேல்.

தாடி உரோமம் தடித்தது, நெருக்கமானது. முகமோ நரம்புகள் மிகுந்த இடம். ஆதலால் மேலுதட்டிலும் மோவாயிலும் வலி கடுமையாகும். வளரும் பருவத்திலுள்ள உரோமமே ஒளிக்கு வசப்படும் என்பதால், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பலமுறை செய்யவேண்டும். ஆறுதலான செய்தி ஒன்றுண்டு: உரோமம் குறையக் குறைய வலியும் குறையும். நரைத்த உரோமத்தில் மெலனின் இல்லாமையால் லேசர் அதைத் தொடாது. அதற்கு ஒவ்வொரு மயிர்க்காலாக மின்சாரம் செலுத்தும் முறையே வழி.

இனி, வலியைத் தணிக்கும் வகைகள்.

முதலாவது, முந்திய நாளோ அன்று காலையோ நன்றாகச் சவரம் செய்துகொள்ளவேண்டும். தோலுக்கு வெளியே உரோமம் நீண்டிருந்தால் அது மேலேயே பொசுங்கித் தோலைச் சுடும். ஆனால் முந்திய நான்கு வாரங்களில் பிடுங்குவதோ மெழுகிட்டு இழுப்பதோ ஆகாது. வேரில் உரோமம் இல்லையேல் ஒளி பற்றிக்கொள்ள எதுவும் இராது.

இரண்டாவது, குளிர்ச்சி. நல்ல இயந்திரங்களில் குளிர்ந்த முனையோ, குளிர்காற்றோ, குளிர்தெளிப்போ இருக்கும். அது இயங்குகிறதா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. சிகிச்சைக்குப்பின் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மரப்புக் களிம்பு. லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்த களிம்பைச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூசி, சிகிச்சைக்குமுன் முற்றிலும் துடைத்துவிடுவர். எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். லேசர் சிகிச்சைக்காகக் கால்களில் மரப்புக் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளும் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்புக் கண்டு, நினைவிழந்து, இறந்ததை எடுத்துக்காட்டி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரிக்கை விடுத்தது. தோல் வழியே மருந்து இரத்தத்தில் கலக்கும் என்பதை மறக்கலாகாது. பாரசிட்டமால் போன்ற மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்க.

நான்காவது, சிறு உபாயங்கள். வெறும் வயிற்றோடு போகலாகாது. மேலுதட்டில் ஒளி படும்போது உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஈரத்துணி மடிப்பை வைத்துக்கொண்டால் பல்லில் தெறிக்கும் கூச்சம் குறையும். ஒவ்வொரு வெட்டுக்கும் மூச்சை மெல்ல வெளியே விட்டால் உடல் இறுகாமலிருக்கும். நடுவில் ஓய்வு கேட்பது தவறன்று. கண்காப்பு மட்டும் எக்காரணத்தாலும் கழற்றக் கூடாது.

ஆயினும் வலியை அடியோடு அழித்துவிட முயல்வதும் அபாயமே. ரப்பர் வளையம் தெறித்தாற்போலச் சுரீரென்று பட்டு, சில நொடிகளில் அடங்குவது இயல்பான வலி. ஒளி நின்றபின்னும் எரிச்சல் ஏறிக்கொண்டே போனால், தோல் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ தோன்றினால், அது தீப்புண்ணின் முன்னறிவிப்பு. அக்கணமே "நிறுத்துங்கள்" என்று சொல்லவேண்டும். இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராக ஊழியம் செய்யும் நமக்கு இது எளிதில் விளங்கிற்று. சிவப்பு விளக்கு கண்ணைக் கூசுகிறதென்று அதைத் துணி போட்டு மூடினால், வண்டி பிழைக்காது.

சிகிச்சைக்குப்பின் சில வாரங்கள் வெயிலைத் தவிர்த்து, வெயில்காப்புக் களிம்பு பூசிக்கொள்வது அவசியம். இல்லையேல் கருந்திட்டுகள் படரும். நம் பெண்ணுக்கும் கொப்புளங்கள் ஆறி, கருமை மங்க மாதங்கள் சென்றன. வெயில் தணிந்து குளிர் தொடங்கிய பின்னரே மருத்துவர் மீண்டும் ஆரம்பித்தார்.

இதை அழகு மோகம் என்று தள்ளுவோருக்கு ஒரு செய்தி. திருநர் உரிமைப் பாதுகாப்புக்காக நம் நாட்டில் 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவச் செலவுக் காப்பீட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லியே குறித்தது.

முதல் இருமுறை நாம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளுடன் சென்றோம். மூன்றாவது முறை அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கு, விடுப்புக் கிடைக்கவில்லை. மாலையில் மன்னிப்புக் கேட்கப் போன நம்மிடம் தமக்கையார் சொன்னார்: அத்தான் காலையிலேயே தெர்மாஸ் குடுவை நிறையப் பனிக்கட்டியை நிரப்பி, வெள்ளைத் துணியொன்றையும் மடித்து எடுத்துக்கொண்டு, "கிளம்பலாமா, அம்மா?" என்று வாசலில் நின்றாராம். அதுவரை மகளை எப்படி அழைப்பதென்று அறியாமல், அழைக்காமலேயே இருந்தவர் அவர்.

அன்று வலி எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டோம். "இருந்தது, மாமா. இரண்டுமுறை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள்," என்றாள்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் எவரேனும் வெயிலில்லாத வேளையிலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கக்கூடும். ஏன் என்று அதட்டாமல், வலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.