நெல்லி இலை மலேரியாவைக் குணமாக்குமா?

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலை மூலிகைகளுக்குப் பெயர் பெற்றது. காய்ச்சல் என்றதும் கஷாயம் வைப்பது நம் வீடுகளிலும் வழக்கம்தான். ஆனால் மூலிகைகள் மலேரியாக் கிருமியை உண்மையிலேயே அழிக்கின்றனவா?

இக்கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றவர்களில், பக்கத்து மாவட்டத்து மேல்விஷாரத்தில் நம் சமுதாயம் நடத்தும் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்களும் உண்டு. டெல்லி விஞ்ஞானிகளுடன் இணைந்து 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நெல்லி இலை, கிராம்பு ஆகியவற்றின் சாறுகள் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுத்தன. குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத வகையும் அதில் அடக்கம். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

எனினும் அச்சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில் இரத்த அணுக்களில் வளர்த்த ஒட்டுண்ணிகளில்தான், நோயாளியின் உடலில் அல்ல. இரசாயனக் கரைப்பானால் பிரித்தெடுத்த சாறும் அடுப்பில் கொதிக்கும் கஷாயமும் ஒன்றல்ல. பாக்டீரியாவை அழிப்பதாகச் சொல்லப்படும் சாறுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சீன விஞ்ஞானி தூ யூயூ 1971-72இல் மூலிகைச் சாற்றை விலங்குகளிடமும், தன் உடலிலும், பிறகு நோயாளிகளிடமும் சோதித்தார். அதிலிருந்து பிறந்த ஆர்ட்டெமிசினின் மருந்துக்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார். அதே செடியின் தேநீரை மலேரியாவுக்கு மருந்தாகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்றும் ஏற்கவில்லை.

ஃபால்சிபாரம் வகை மலேரியா, சிகிச்சை தாமதித்தால் 24 மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே குளிர்காய்ச்சல் கண்டால் முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்வோம். கஷாயத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நோய்க்கு நிவாரணத்தை இறைவன் படைத்திருக்கிறான். அதை முறையாகத் தேடும் நம் கல்லூரிகளின் ஆய்வுகளுக்குத் துணை நிற்பது நம் கடமை.