அஞ்சு கிலோ அழுக்கு

பேச்சிலர் ரூம் நாற்காலியில் மனிதர்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது துணிகளுக்கு ரிசர்வ் செய்யப்பட்ட சீட். திங்கட்கிழமை ஒரே ஒரு சட்டையோடு ஆரம்பிக்கும். சனிக்கிழமைக்குள் குற்றால மலை மாதிரி எழும்பி நிற்கும். ஃபேன் காற்றில் உச்சியிலிருந்து ஒரு பனியன் அருவியாக இறங்கும்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் கணக்காகத்தான் தெரியும். இந்தக் குவியலுக்கு எங்கள் பாடத்தில் ‘லைஃபோ’ என்று பெயர். கடைசியாக வந்த சரக்கு முதலில் வெளியே போகும். ஆபீசுக்கு லேட்டாகும்போது மேலே கிடக்கிற சட்டையை உருவி, மோந்து பார்த்து, ‘பரவாயில்லை’ என்று தீர்ப்புச் சொல்லி மாட்டிக்கொண்டு ஓடுகிறோமே, அதேதான். அடியில் இருக்கிற சட்டை தீபாவளிக்குத்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். கணக்கியல் தரம் 2-ஐ 1999-ல் திருத்தியபோது, கம்பெனிகள் சரக்கை இப்படி மதிப்பிடக் கூடாது என்று இந்த முறையையே தூக்கிவிட்டார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு மட்டும் அந்த சர்க்குலர் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் மேன்ஷனில் ‘துணி துவைக்கக் கூடாது’ என்று போர்டே உண்டு. தண்ணீர்ப் பிரச்னை. எனவே ஞாயிற்றுக்கிழமை காலை லாண்டரிக்குப் படையெடுப்பு.

அந்தக் காலத்தில் டோபி வீட்டுக்கே வருவார். எண்ணி, நோட்டில் எழுதி, மூட்டை கட்டிக்கொண்டு போவார். துணி மாறிப்போகாமலிருக்க ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றில் ஒரு குறி. எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. சட்டை கிழிந்து கரித்துணியான பிறகும் அது யார் வீட்டுச் சட்டை என்று சாட்சி சொல்லும். இப்போது எல்லாம் கிலோ கணக்கு. கத்தரிக்காயை நிறுக்கிற மாதிரி எலெக்ட்ரானிக் தராசில் வைத்து நம் அழுக்கை நிறுத்து பில் போடுகிறார்கள். எங்கள் தெரு லாண்டரியில் குறைந்தது அஞ்சு கிலோ. நாலு கிலோ கொண்டுபோனாலும் அஞ்சுக்குத்தான் காசு.

ஆகவே லாண்டரிக்குப் போகுமுன் கொஞ்சம் ஹோம்வொர்க் தேவை சார்.

முதலில் எடை. குளித்துவிட்டு ஈரத் துண்டை அப்படியே பையில் திணிக்காதீர்கள். மெட்ரோ வாட்டர் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். ஒரு ஜீன்ஸ் ஏறக்குறைய மூன்று சட்டை எடை. இன்னும் ஒரு தரம் போடலாம் என்றால், போடுங்கள்.

அடுத்தது நிறம். கார்த்திகை மாசம் எங்கள் மேன்ஷனுக்கு வந்து பாருங்கள். பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள். புதுக் கறுப்பு வேட்டி ஒன்று கூட்டத்தோடு கூட்டமாக மெஷினுக்குள் போய்விட்டு வரும். மாலை போடாதவர்களின் பனியனெல்லாம்கூட சாம்பல் நிறத்தில் சாமியே சரணம் சொல்லும். சந்தேகமான துணியின் ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்திப் பாருங்கள். கலர் ஒட்டினால் அதற்குத் தனிக்குடித்தனம்தான்.

மூன்றாவது லேபிள். கழுத்தில் குத்துகிறது என்று வாங்கின அன்றைக்கே பிளேடால் அறுத்தெறிகிறோமே, அது சட்டையின் ஜாதகம். பக்கெட் மாதிரி படத்துக்குள் 40 என்றிருந்தால், அந்த டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஆகாது. பக்கெட்டுக்குள் கை இருந்தால் கையால்தான் துவைக்கணும். முக்கோணம் ப்ளீச்சைப் பற்றியது. சதுரத்துக்குள் வட்டம் என்றால் டிரையர். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டுக்கு நடுத்தரம், மூன்றுக்கு அதிகச் சூடு வரை தாங்கும். எந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தாலும், அந்தக் காரியத்தைச் செய்யாதே என்று அர்த்தம்.

நான்காவது கறை. மெஸ் சாம்பார் சட்டையில் தெறித்ததும் நம்ம ஆள் உடனே சோப்பைப் போட்டுத் தேய்ப்பார். மஞ்சள் கறை குபீரென்று சிவப்பாகும். கொலைக் கேஸில் மாட்டின மாதிரி முழிப்பார். பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளின் குணம் அது, காரம் பட்டால் சிவக்கும். நன்றாக அலசி வெயிலில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். பால்பாயின்ட் பேனா கறைக்கு வெயில் உதவாது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுக்கணும்.

கடைசியாக, முக்கியமாக, பாக்கெட். ரூபாய் நோட்டு பருத்தியில் செய்தது. மெஷினுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கடைகளில் தருகிற பில் பிழைக்காது. டிஷ்யூ பேப்பர் தானும் செத்து, மற்ற துணிகள் மேலெல்லாம் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு பாக்கெட்டாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஆடிட்டர் வவுச்சர் பார்க்கிற மாதிரி.

அப்படி ஒரு ஆடிட்டில் வந்த சமாசாரம்தான் இது.

ஒற்றை ஆளுக்கு அஞ்சு கிலோ சேராது. அதனால் நானும் பக்கத்துக் கட்டில் தம்பியும் பார்ட்னர்ஷிப். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். பில் பாதிப் பாதி. துணி பிரிக்கிற டிபார்ட்மென்ட் என்னுடையது, டீ வாங்கி வருவது அவனுடையது.

வழக்கமாக அவன் பங்குக்கு ஆறு ஃபுல்ஹேண்ட் சட்டை விழும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டுதான் விழுந்தது. பாக்கெட்டில் எப்போதும் வருகிற கேன்டீன் டோக்கன் இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடை பில்லும், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் இருந்தன. ஆனால் தினமும் காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு டாண் என்று கிளம்பிப் போய்க்கொண்டுதான் இருந்தான்.

வவுச்சரும் லெட்ஜரும் ஒத்துப்போகாவிட்டால் ஆடிட்டர் கேட்டாகணும். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. போட்டோவை அவன் கட்டில்மேல் எடுத்து வைத்தேன். டீயோடு உள்ளே வந்தவன் பார்த்துவிட்டான்.

“ஆள் குறைச்சிட்டாங்கண்ணே. இருபது நாளாச்சு.”

“டெய்லி கிளம்பிப் போறியே, எங்கடா?”

“கன்னிமாரா லைப்ரரிக்கு. பேப்பர்ல வான்டட் பார்ப்பேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு இன்னும் சொல்லலண்ணே. தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். ‘ஆபீஸ் எப்படிய்யா இருக்கு’ன்னு அம்மா கேக்கும். நல்லாருக்கும்மான்னு சொல்லிருவேன்.”

“சட்டை ஏன் ரெண்டுதான் இருக்கு?”

“ஒரு சட்டையை மூணு நாளு போடுதேன். லாண்டரி காசு கொஞ்சம் மிச்சமாகும்லா?”

பில் எப்போதும் பாதிப் பாதி என்பதைக்கூட அவன் யோசிக்கவில்லை. மிச்சம் பிடிக்க வேறு இடம் இல்லாதவன் பிடித்த மிச்சம் அது.

குவியலிலிருந்து அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தனியே எடுத்தேன். “இது கிலோவுல போக வேண்டாம்” என்றேன். போர்டைப் பார்க்காத மாதிரி பாத்ரூமில் காலருக்குச் சோப்புப் போட்டு இரண்டு பேருமாகக் கசக்கினோம். மறுநாள் சாயங்காலம் தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கொண்டுபோனான். கரிப்பெட்டியை ஊதிக்கொண்டே வண்டிக்காரர் கேட்டாராம், “இன்டர்வியூவா தம்பி?” ஒற்றை வெள்ளைச் சட்டையோடு பதைபதைப்பாக வருகிற பையன்களை அவர் எத்தனை வருஷமாகப் பார்க்கிறாரோ!

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? இன்னும் இல்லை. இரண்டு இடத்தில் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டான். ‘எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு இருபது நாளாய்யா?’ என்று அழுதிருக்கிறார். அதன் பிறகு ‘சாப்பிட்டியா’ என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அவன் நிம்மதியாகத் தூங்கிப் பார்த்தேன். குறட்டை எனக்குத் தூக்கமில்லாமல் செய்தது, அது வேறு கதை.

இனி லாண்டரி கவுன்ட்டர். பில்லில் எடையை மட்டும் எழுதினால் விடாதீர்கள். உருப்படி எத்தனை என்றும் எழுதி வாங்குங்கள். காணாமல் போன கைக்குட்டையைத் தராசு காட்டிக்கொடுக்காது. கறை இருக்கிற இடத்தை வாயால் சொல்லுங்கள். வாங்கும்போது அங்கேயே எண்ணுங்கள். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள், ஒரு பார்ட்னரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் பங்கில் உருப்படி குறைந்தால் லாபம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இந்த ஞாயிறும் எங்கள் மூட்டை நாலு கிலோ எழுநூறு கிராம்தான் வந்தது. முந்நூறு கிராமை விட்டுக்கொடுக்க காமர்ஸ்காரன் மனசு கேட்குமா? ஜன்னல் கர்ட்டனை உருவிப் போட்டோம். மேன்ஷன் கட்டின நாளிலிருந்து அதற்கு அதுதான் முதல் குளியல் போலிருக்கிறது. அது நீலக் கலர் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.