சொல்லுக்குப் பொருள் எழுது! பிறகு மனைக்கு அனுமதி கொடு!

அன்பார்ந்த விவசாயிகளே! ஏரிப் பாசன ஆயக்கட்டுதாரர்களே! தாய்மார்களே!

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நமக்கு அடிவயிறு கலங்குகிறது. மழைக்குப் பயந்து அல்ல. மழை நமக்கு சாமி. பக்கத்து வயலில் லாரி லாரியாகக் கொட்டிய மண்ணுக்குப் பயந்து! கலங்கல் தண்ணீர் பரந்து ஓடிய இடம் இன்று "நகர்" என்று போர்டு மாட்டி நிற்கிறது. தண்ணீர் எங்கே போகும்? நம்ம நடவு வயலுக்குத்தான் வரும்.

கேட்டால், "எல்லாம் விதிப்படிதான் நடக்குது" என்கிறார்கள். சரி, அந்த விதியில் என்னதான் எழுதியிருக்கிறது?

ஈரநிலம்: 2017-ல் மத்திய அரசு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஈரநிலம் என்றால் என்ன என்று எழுதியவர்கள், நெல் வயல் அதில் சேராது, பாசனத்துக்காக மனிதன் கட்டிய நீர்நிலையும் சேராது என்று எழுதிவிட்டார்கள். நம்ம பாட்டன் முப்பாட்டன் கரை கட்டிய ஏரி, கட்டிய குற்றத்துக்காகவே பட்டியலுக்கு வெளியே!

ஏரி: 2007-ல் தமிழக அரசு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டத்தில் "ஏரி" என்றால் பொதுப்பணித்துறை வசம் உள்ள ஏரி மட்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கையில் அல்லவா இருக்கின்றன? மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தானே கீழ் ஏரிக்கு வரத்து? சங்கிலியில் பாதிக் கண்ணியை விட்டுவிட்டு மீதியைக் காப்பாற்ற முடியுமா? 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது புறம்போக்கைப் பார்க்கும். பட்டா நிலத்தின் மேல் ஓடும் உபரி நீரைப் பார்க்காது.

எல்லை: கலங்கல் மட்டத்துக்கு நிற்பது முழு நீர்மட்டம். கலங்கல் வழியும்போது அதற்கும் மேலே ஏறுவது உச்ச நீர்மட்டம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பட்டா நிலத்தில் ஆடியில் ஆட்டுக்கிடை போடலாம், கார்த்திகையில் முழங்கால் தண்ணீர். ஆடி மாதம் வந்து பார்த்து "மேட்டு நிலம்" என்று எழுதிப் போனால், அது பொய்யா மெய்யா?

மூழ்காச் சான்று: மனைப்பிரிவுக்கு நீர்வளத்துறையின் சான்று கேட்கிறார்கள். சான்றும் வருகிறது, மனையை இத்தனை உயரம் மண் போட்டு மேடாக்கு என்ற நிபந்தனையோடு! அந்த மனை மூழ்காது, ஒத்துக்கொள்கிறோம். எந்த வயல் மூழ்கும் என்று அந்தக் காகிதம் கேட்டதா?

இது புதுப் பிரச்சனையும் இல்லை. வெள்ளச் சமவெளியை வகை பிரிக்க 1975-லேயே மத்திய அரசு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-லும், ராஜஸ்தான் 1990-லும், உத்தராகண்ட் 2012-லும் சட்டம் இயற்றின. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்து அடையாறு ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த நம் மாநிலம் அந்த வரிசையில் இல்லை!

"சட்டம் எல்லாம் இருக்கு, அமல்படுத்துறதுதான் குறை" என்று சொல்லும் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்கிறோம். பொருள் எழுதாத சொல்லை எந்த அதிகாரியாலும் அமல்படுத்த முடியாது. புல எண் இல்லாத எல்லையை எந்த கோர்ட்டிலும் காட்ட முடியாது.

நம்ம ஆட்களிலும் சிலர், "வெள்ளப் பகுதின்னு எழுதினா நிலம் விலை போகாதே" என்கிறார்கள். கடன்பட்டு விற்றவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கடன் வாங்கி அந்த மனையில் வீடு கட்டுகிறவனும் நம்மைப் போல ஒரு குடும்பஸ்தன்தானே? ஊருக்காகத் தண்ணீரைத் தாங்குகிற நிலத்துக்கு அரசு வருஷா வருஷம் ஈட்டுத்தொகை கொடுக்கட்டும். அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. ஏரி, வரத்துக்கால், போக்குக்கால், வெள்ளம் பரவும் நிலம் ஆகியவற்றுக்குத் திட்ட விதிகளில் தெளிவாகப் பொருள் எழுது! ஒன்றிய ஏரிகளையும் சேர்!

2. உச்ச நீர்மட்டத்தை எல்லையாக வைத்து, புல எண் வாரியாக வரைபடம் போடு! கிராம சபையில் ஒட்டு!

3. மண் கொட்டி மேடாக்கும் முன், தண்ணீர் யார் நிலத்துக்குப் போகும் என்று சான்றில் எழுது!

4. வரைபடம் வரும்வரை கலங்கலுக்குக் கீழே புது மனைப்பிரிவுக்கு அனுமதி தராதே!

5. வெள்ளம் தாங்கும் பட்டாதாரருக்கு ஈட்டுத்தொகை வழங்கு!

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு கூடுவோம். வரும்போது சிட்டா, புலப்பட நகல், போன மழையில் வயல் மூழ்கிய போட்டோ இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். நமக்குச் சாட்சி நம்ம வயல்தான்.

அணி திரள்வோம்! ஏரியைக் காப்போம்! விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்