விழுந்தவனுக்கும் ஒரு பணி உண்டு

தியானப் பகுதி: லூக்கா 22:31-34



கால்பந்தில் கோல் அடிப்பவரின் பெயரை உலகம் நினைவில் வைக்கும். தடுப்பாட்டக்காரரின் நிலை வேறு. அவர் நூறு முறை தடுத்ததை எவரும் எண்ணுவதில்லை. ஒருமுறை தவறினால் அதுவே அவருடைய பெயராகிவிடும். இங்கிலாந்தின் காரெத் சவுத்கேட் அதை அனுபவித்தவர்.

1996 ஜூன் 26. லண்டன் வெம்ப்லி அரங்கில் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி. இங்கிலாந்தும் ஜெர்மனியும் 1-1 எனச் சமநிலையில் நிற்க, ஆட்டம் பெனால்டிக்குச் சென்றது. இரு அணிகளும் முதல் ஐந்தையும் கோலாக்கின. ஆறாவதாக வந்த சவுத்கேட் உதைத்த பந்தை எதிரணி கோல்கீப்பர் தடுத்தார், இங்கிலாந்து தோற்றது. அவர் தேசத்துக்காக மொத்தம் 57 ஆட்டங்கள் ஆடினார். 2004இல் மிடில்ஸ்பரோ அணித்தலைவராக லீக் கோப்பையையும் வென்றார். ஆயினும் மக்கள் மனதில் அந்த ஓர் உதையே நிலைத்தது.

2016இல் அவரிடமே தேசிய அணியின் பயிற்சிப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. 2018 உலகக் கோப்பையில், மாஸ்கோவில், கொலம்பியாவை இங்கிலாந்து பெனால்டியில் வென்றது. உலகக் கோப்பையில் அந்த முறையில் அதற்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த மகிழ்ச்சியின் நடுவிலும், பெனால்டியைத் தவறவிட்ட கொலம்பிய வீரர் மத்தேயுஸ் உரிபேயை அவர் அணைத்துத் தேற்றினார்.

2021இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். புதிதாய்க் கட்டப்பட்ட வெம்ப்லி அரங்கில் மீண்டும் பெனால்டி, மீண்டும் தோல்வி. மூவர் தவறவிட்டனர். கடைசியாக உதைத்த புக்காயோ சாக்காவுக்கு வயது 19. சவுத்கேட் அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். உதைப்பவர்களைத் தெரிந்தெடுத்தது தாமே என்று சொல்லிப் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். நிறவெறி வசைகள் அம்மூவர்மேலும் பொழிந்தபோது அவர்கள் பக்கம் நின்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், 2024இல், சுவிட்சர்லாந்துக்கு எதிரான பெனால்டியில் அதே சாக்கா மீண்டும் உதைக்க வந்தான்; பந்து வலைக்குள் சென்றது.

இதை வெற்றிக்கதையாக நான் எழுதவில்லை. 2024 இறுதியாட்டத்திலும் தோற்ற பிறகே சவுத்கேட் பதவி விலகினார். ஆனாலும், தவறவிட்டவனின் தனிமையை அறிந்த ஒருவர் அந்த வாலிபனுக்கு அருகில் இருந்தார். அது கோப்பையைக் காட்டிலும் பெரிது என்பது என் எண்ணம்.

பெனால்டியைத் தவறவிடுவது பாவமல்ல. பேதுரு மறுதலித்ததோ பாவம். ஆயினும் அவன் விழுவதற்கு முன்பே ஆண்டவர் அவனுக்காக வேண்டிக்கொண்டார். திரும்பி வந்தபின் சகோதரரைத் திடப்படுத்தும் பணியையும் முன்னதாகவே கொடுத்துவைத்தார். பின்பு கடற்கரையில், கரிநெருப்பின் அருகே, தம்முடைய ஆடுகளையே அவனிடம் ஒப்புவித்தார். அவர் மன்னிப்போடு நிறுத்தவில்லை, பணியும் கொடுத்தார்.

நாமோ மன்னிப்போடு நின்றுவிடுகிறோம். குடியை விட்டுத் திரும்பிய சகோதரனைக் கடைசி வரிசையில் உட்காரவைக்கிறோம். மணவாழ்வு முறிந்த சகோதரியைப் பாடகர் குழுவிலிருந்து ஓசையின்றி விலக்குகிறோம். வியாபாரத்தில் நொடித்தவரின் ஆலோசனையை யாரும் கேட்பதில்லை. கேட்டால், "சபையின் சாட்சி என்னாவது?" என்கிறோம். பேதுருவை ஆண்டவர் பின்வரிசைக்கு அனுப்பியிருந்தால் பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பேசியவர் யார்?

எல்லாருக்கும் எல்லாப் பொறுப்பையும் உடனே கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்தவரை மீண்டும் அவர்களிடம் விடுவது இரக்கமல்ல, அசட்டை. மனந்திரும்புதலுக்குக் கனிகளும் காலமும் வேண்டும். ஆனால் குடியில் தவிக்கும் வாலிபனைச் சந்திக்க, அந்த இருளைக் கடந்து வந்தவரைவிடத் தகுதியானவர் யார்?

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வரிசைக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சென்று, அவரால் மாத்திரம் செய்யக்கூடிய ஒரு பணியைக் கேளுங்கள். மூப்பர்களே, அவர் தடுமாறினால் பழியை அவர்மேல் சுமத்தாமல், அனுப்பியவர்கள் நாங்கள் என்று சொல்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, விழுந்த எங்களை நீர் தள்ளிவிடவில்லை. நீர் நம்பியவர்களை நாங்களும் நம்பக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.