பக்தரும் மலையேறுபவர்தான்

புரட்டாசி பிறந்தால் சேலம், நாமக்கல் சமவெளியில் சனிக்கிழமை மலைக்குப் போகும் நாள். ஆட்டையாம்பட்டியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். சேந்தமங்கலம் அருகே நைனாமலை வரதராஜப் பெருமாள், திருச்சி மாவட்ட எல்லையை ஒட்டித் தலைமலை சஞ்சீவிராயப் பெருமாள் என்று பெருமாள் குடியிருப்பதெல்லாம் உச்சியில். எழுபது வயதுப் பாட்டியும் இடுப்பில் குழந்தையோடு மருமகளும் ஒரே படியில் ஏறுகிறார்கள். அடுத்து ஐப்பசி. அதற்கடுத்த கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம்.

செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும் இந்த மூன்று மாதங்கள்தான் இந்தப் பகுதி மலைகள் அதிகம் நனையும் மாதங்களும். ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் தங்களை மலையேறுபவர்களாக நினைப்பதில்லை, கோயிலுக்குப் போகிறோம் என்றே நினைக்கிறார்கள். அரசாங்கமும் அவர்களைக் கூட்டமாகத்தான் பார்க்கிறது. வரிசை, தடுப்புக் கம்பு, போலீஸ் பந்தோபஸ்து, சிறப்புப் பேருந்து எல்லாம் உண்டு. பாறை ஈரமா, மேலே இடி இறங்குமா, மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிடுவார்களா என்று கேட்க ஆள் இல்லை. பக்தரையும் மலையேறுபவராக எண்ணி, அவருக்கு வேண்டிய அறிவையும் பொருளையும் ஏற்பாட்டையும் தரும் நேரம் வந்துவிட்டது.

மலையேற்றம் பற்றி இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை இமயமலையைப் பற்றியவை. அங்கே தென்மேற்குப் பருவமழை விலகியதும் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்துவிடும். அதனால் அக்டோபர்தான் அங்கே மலையேற நல்ல காலம். தமிழ்நாட்டுக் கணக்கு வேறு. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே நமக்குத் தருகிறது. சேலம் போன்ற உள்மாவட்டங்களில் அதற்கு முன்பே, செப்டம்பரிலேயே, இடிமழை தொடங்கிவிடும். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். உச்சிவேளைக்குப் பிறகு மேகம் கட்டும். மாலையில் இடி இடித்துக் கொட்டும். இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் காலை டிபனை முடித்து, வேன் பிடித்து, பதினொரு மணிக்கு அடிவாரம் சேர்ந்து, மேகம் கட்டும் நேரத்துக்குச் சரியாக மொட்டைப் பாறையில் போய் நிற்பவர்கள் ஏராளம்.

இமயத்தின் நல்ல காலமும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் நேபாளத்துக்குப் போய்ப் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாய்ப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல ஷூவும் நல்ல ஜாக்கெட்டும் அவர்களில் பலரிடம் இருந்தன. வங்கக் கடலில் உருவான புயல் தங்கள் தலைக்கு மேல் வரப்போகிறது என்ற தகவல்தான் போய்ச் சேரவில்லை. பையில் எது இருந்தாலும் முதல் கருவி வானிலை அறிக்கைதான்.

அந்தப் பாடம் 2024-இல் நம் வாசலுக்கே வந்தது. ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை அடிவாரத்தில் பாறையும் மண்ணும் வீடுகள்மேல் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துக் கார்த்திகை தீபம். வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்தது. 2,668 அடி உயர மலையில் ஏறப் பக்தர்களுக்கு அந்த ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் எரிந்தது, கீழிருந்து லட்சக்கணக்கானோர் தரிசித்தார்கள். வேண்டும்போது மலையை மூட அரசால் முடியும், பக்தர்களும் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் ஏழு உயிர் போன பிறகு கிடைத்த எச்சரிக்கை அது.

சாதாரண சனிக்கிழமைகளுக்கு வருவோம். ஈரப் பாறையில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்த்தால்தான் விஷயம் புரியும். நூற்றாண்டுகளாக மிதிபட்டு வழவழத்த கருங்கல் படி. இரண்டு வாரம் தொடர்ந்து நனைந்ததும் மிதிபடாத ஓரங்களில் கரும்பச்சையாய்ப் பாசி படர்ந்திருக்கும். ஏறும்போது உடல் முன்னால் சாய்ந்திருப்பதால் கால் தப்பினாலும் கை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது குதிகால்தான் முதலில் படியில் படும், முழு எடையும் அதன்மேல் இறங்கும். எதிரே ஏறுகிறவருக்கு வழிவிட இறங்குகிறவர் ஓரமாக ஒதுங்குவார், அங்கேதான் பாசி இருக்கும். அடி தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால் நீர்ப்படலத்தின்மேல் அப்படியே வழுக்கும், வாரும் விரலிடுக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மலை விபத்துகளில் இறக்கத்தில் நடப்பவை அதிகம் என்று மலையேற்றப் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எனவே முதல் செலவு காலுக்கு. விலை உயர்ந்த ட்ரெக்கிங் ஷூ எல்லோராலும் வாங்க முடியாது, தேவையும் இல்லை. அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள, விரலையும் குதிகாலையும் நன்றாகப் பிடிக்கும் சாதாரண ஷூ அல்லது பட்டை வைத்த சாண்டல் போதும். வேண்டுதலுக்காகச் செருப்பில்லாமல் ஏறுவது அவரவர் உரிமை. தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் நல்ல பிடிமானம் தரும் என்பதும் உண்மை. அப்படி ஏறுபவர்கள் பாதம் முழுவதும் படும்படி, சிறு சிறு எட்டாக, படியின் நடுப்பகுதியில் இறங்க வேண்டும். கையில் ஒரு மூங்கில் கழி கட்டாயம். வெள்ளியங்கிரிக்குப் போகும் பக்தர்கள் பூண்டி அடிவாரத்திலேயே கழி வாங்கிக்கொள்கிறார்கள். அது மூன்றாவது காலாக நின்று முழங்காலின் சுமையைக் குறைக்கிறது. எல்லா மலை அடிவாரத்திலும் அந்தப் பழக்கம் பரவ வேண்டும்.

இரண்டாவது, உடை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். சேலத்தில் புழுங்கிக்கொண்டிருக்கும்போதே, 1,623 மீட்டர் உயரச் சேர்வராயன் உச்சியில் எட்டு, ஒன்பது டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த பருத்தி வேட்டியோடும் புடவையோடும் அந்தக் காற்றில் நின்றால் உடம்பின் சூடு மளமளவென்று இறங்கும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைய பனி பெய்ய வேண்டியதில்லை, ஈரமும் காற்றும் போதும். நடுக்கம் நிற்காமல் வந்து, பேச்சு குழறி, கால் தடுமாறினால் அது களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. ஈர உடையைக் களைந்து, காய்ந்த துணி போர்த்தி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, கீழே இறக்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு மழைக்கோட்டும், பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டிய ஒரு மாற்றுடையும், ஒரு துண்டும்தான். காற்றடிக்கும் பாறையில் குடை உதவாது. ஒரு கையைப் பிடித்துவைத்துக்கொண்டு, கழி ஊன்றவோ கம்பியைப் பிடிக்கவோ விடாது.

மூன்றாவது, வெளிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மேகம் கட்டிய நாளில் மரநிழலில் ஐந்தரைக்கே படி தெரியாது. போன் டார்ச் இருக்கிறதே என்பார்கள். போனைப் பிடித்த கை வேறு எதையும் பிடிக்காது. மழையில் போன் நனைந்து அணைந்தால் வெளிச்சமும் போச்சு, உதவிக்கு அழைக்கும் வழியும் போச்சு. நெற்றியில் மாட்டும் ஹெட்லைட் குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கூடவே ஒரு விசில். தொடர்ந்து மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். பனிமூட்டத்தில் குரல் போகாத இடத்துக்கும் விசில் சத்தம் போகும்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கைவிட நல்ல மலைத்தீனி கிடைப்பது அரிது. அரிசி மாவும் எண்ணெயும் உப்பும் சேர்ந்தது, எடை குறைவு, கெடாது, வியர்வையில் போகும் உப்பையும் ஈடு செய்யும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் எந்த மழையிலும் நமுத்துப்போகாது. கூடப் புளியோதரை, கடலை மிட்டாய், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம். மழைநாள்தானே என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. ஏறும்போது கொட்டும் வியர்வை மழையோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இறங்கி வந்த பிறகும் ஒரு கவனம் வேண்டும். மழைக்காலமும் அதையொட்டிய குளிர்காலமும் தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் கூடும் காலம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருவது. வீட்டுக்கு வந்ததும் உடையைக் கழற்றி வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் விடாத காய்ச்சல் வந்தாலோ, அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் கறுத்த பொருக்கு தெரிந்தாலோ, மலைக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

மின்னலுக்கு எந்தக் கருவியும் இல்லை, கடிகாரம் மட்டுமே உண்டு. வெட்டியதற்கும் இடி கேட்பதற்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியையும் மொட்டைப் பாறையையும் தனிமரத்தையும் இரும்புக் கைப்பிடியையும் விட்டு விலக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். மின்னலை முன்கூட்டிச் சொல்லும் ‘தாமினி’ செயலி இலவசம். அதைவிட எளிய வழி, விடியலில் ஏறத் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் கீழே வந்துவிடுவது.

இதெல்லாம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை. அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி எல்லாம் உண்டு, தீக்காலத்தில் பாதை மூடப்படுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டணம் கட்டி ஏறும் இளைஞருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பில் ஒரு பங்குகூடப் புரட்டாசிச் சனிக்கிழமை ஏறும் கைத்தறி நெசவாளிக்கும் விசைத்தறித் தொழிலாளிக்கும் கிடைப்பதில்லை. 2017-இல் தலைமலையில் கோயிலை ஒட்டிய குறுகிய பாறை விளிம்பில் வலம் வந்த பக்தர் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. ஆனாலும் பக்தர்களின் மலைப்பாதைக்கென்று பொதுவான நடைமுறை உருவாகவில்லை.

காலங்காலமாக ஏறுகிறோம், சாமி பார்த்துக்கொள்ளும் என்பவர்களின் நம்பிக்கையைக் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் காலங்காலமாக ஏறியவர்கள் வயலில் நடந்து உரமேறிய காலோடு, வானத்தைப் பார்த்தே மழையைச் சொல்லத் தெரிந்தவர்களாக ஏறினார்கள். நாளெல்லாம் தறிமுன் நின்றும் கடையில் உட்கார்ந்தும் வேலை பார்ப்பவர், ஆண்டில் ஒரு நாள் மட்டும் ஆயிரக்கணக்கான படி ஏறுவது உடம்புக்குப் பெரிய சோதனை. 2024-இல் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் பலர் வழியிலேயே இறந்ததையும் மறந்துவிடக் கூடாது. நம் பெரிய யாத்திரைகளிலும் கால வரையறை இல்லாமல் இல்லை. வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரைதான் வழி. இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையே யாத்திரைக் காலம். சதுரகிரியில் 2015 மே மாதக் காட்டாற்று வெள்ளம் உயிர்களைப் பறித்தபின், மழை பெய்தால் பக்தர்களைத் தடுத்து நிறுத்துவது வழக்கமானது.

புரட்டாசி மலைகளை மாதக்கணக்கில் மூட முடியாது, மூடவும் கூடாது. சனிக்கிழமைதோறும் அன்றன்று முடிவெடுத்தால் போதும். இந்திய வானிலைத் துறை மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தருகிறது. முந்தின நாள் மாலையிலும் அன்று விடியற்காலையிலும் அதை அடிவாரத்தில் பெரிய பலகையில் எழுதிவைக்கலாம். ஆரஞ்சு என்றால் முதியோரையும் குழந்தைகளையும் நிறுத்துவது, சிவப்பு என்றால் வழியையே அடைப்பது. சாதாரண நாளிலும் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு யாரையும் மேலே அனுப்பக் கூடாது. ஏறும்போது ஒரு டோக்கன் கொடுத்து இறங்கும்போது வாங்கிக்கொண்டால், இருட்டும்போது மேலே எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். ஆவணி கடைசியில் படிகளின் பாசியைச் சுரண்டி, உடைந்த கைப்பிடிகளைச் சரிசெய்து, பாதி வழியில் முதலுதவிக்கு ஆளும் ஸ்ட்ரெச்சரும் வைக்க வேண்டும்.

இதற்குப் புதுத் துறையோ பெரிய நிதியோ வேண்டாம். புரட்டாசிக்கு முன் அறநிலையத் துறை, வருவாய்த் துறை, வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை அதிகாரிகள் பந்தோபஸ்து பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் வானிலைப் பலகை, நேரக் கட்டுப்பாடு, டோக்கன், பாசி அகற்றும் வேலை ஆகிய நான்கையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு அதிகாரியைக் குறிக்க வேண்டும். நாமக்கல், திருச்சி மாவட்ட ஆட்சியர்கள் நைனாமலையிலும் தலைமலையிலும் வரும் புரட்டாசி முதல் சனிக்கிழமையிலேயே இதைத் தொடங்கலாம்.