குளிர்காலமும் குழந்தையின் தோலும்

ஊரில் பிள்ளைக்கு நல்லெண்ணெய் பூசி இளவெயிலில் கிடத்துவோம். இங்கே ரொறன்ரோவில் வெளியே பனி, உள்ளே ஹீற்றர். இரண்டும் தோலைக் காயவைத்துவிடும். முதல் மாரியில் வாசத்துக்கு ஆசைப்பட்டு நாங்கள் வாங்கிய கிறீமால் மகளின் கன்னம் சிவந்து வெடித்தது. இரவிரவாக அழுதாள்.

பிறகுதான் படித்தோம். போத்தலில் 'பிறேக்ரன்ஸ்', 'பர்ஃபம்' என்ற சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். மணமில்லாத பெற்றோலியம் ஜெலி போதும், விலையும் குறைவு. இளஞ்சூட்டு நீரில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் பூசுங்கள். நப்பி போடும் இடம் சிவந்தால் சிங்க் ஒக்சைட் கிறீம் நல்லது. தோல் வெடித்து நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டில் வைத்துப் பாராமல் டொக்டரிடம் காட்டுங்கள். ஆங்கிலம் வராதென்று கூச்சப்பட்டு நாங்கள் பிந்தினோம், நீங்கள் பிந்தாதீர்கள்.