மேதையும் விண்ணனும்

நமது பத்திரிகைகளின் இரங்கற் பக்கங்களில் 'மேதை' என்ற சொல் மிகவும் மலிந்துவிட்டது. கல்வி மேதை, சட்ட மேதை, நாடக மேதை என்று ஒரே வாரத்தில் மூவரையோ நால்வரையோ நாம் இழந்துவிடுகிறோம். நினைவு மலரென்றால் அட்டையிலேயே அச்சொல் இருந்தாக வேண்டும்.

மேதை வடசொல். அதன் மூலமாகிய 'மேதா' வேதப் பாடல்களிலேயே உண்டு. ஆனால் அங்கே அது ஆளைக் குறிக்கவில்லை. கற்றதைத் தன்னுள் நிறுத்திவைக்கும் அறிவாற்றலுக்கே அப்பெயர். பாரசீகரின் அகுரா மஸ்தா என்ற தெய்வப் பெயரில் வரும் 'மஸ்தா'வும் இதே வேரினது என்பது மொழியியலாளர் முடிவு. தமிழில் ஆற்றலின் பெயர் அதனை உடையவருக்கும் ஆகிவந்தது. (நமது சனாதிபதிகளுக்குச் சூட்டப்பட்டுவந்த 'அதிமேதகு'வுக்கும் இதற்கும் உறவில்லை. அதிலுள்ள 'மேதகு' தமிழ்ச்சொல், மேன்மை தக்கவர் என்பதே பொருள்.)

ஆங்கிலத்தின் 'ஜீனியஸ்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். பிறப்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையோடு உறவுடைய சொல் அது. ஒவ்வோர் ஆணுக்கும் பிறப்போடு உடன்வரும் காவல் தெய்வம் ஒன்று உண்டென்று உரோமர் நம்பினர். பிறந்தநாளில் அதற்குப் படையலும் இட்டனர். அதாவது, ஜீனியஸ் எல்லோருக்கும் இருந்தது! அபூர்வமான சிலருக்கு மட்டும் உரியதாக அது சுருங்கியது 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில்.

யாழ்ப்பாணப் பேச்சிலே 'விண்ணன்' என்றொரு சொல் உண்டு. 'கணக்கிலை ஆள் விண்ணன்' என்பார்கள். விஞ்ஞானம் பிராகிருதத்தில் விண்ணாணம் ஆனது. விண்ணனையும் அக்குடும்பத்தில் சேர்ப்பதே பொருத்தம், வானத்தை நோக்க வேண்டியதில்லை. (விண்ணாணம் இன்று நமது பேச்சில் கேலிச்சொல்லாகிவிட்டது. மேதாவிக்கும் அதே கதி.) எனக்குப் பிடித்தது விண்ணன்தான். ஒருவரை விண்ணன் என்றால், 'எதிலே?' என்ற கேள்வி உடனே எழும். மேதை என்றால் எவரும் கேட்பதில்லை, கைகூப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பையும் பண்களையும் சிலப்பதிகாரக் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டு மீட்க முனைந்த நூல் அது. அடிகளைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் பலவற்றில் அடைமொழிகள் பத்து இருக்கும். அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வரி இராது.